ஓடைக்கரைக் கடைசி வீடும் என் மகளின் வரைபடமும்

1

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய தேதியை என் மனைவி சபீனா வருஷம் தவறாமல் கொண்டாடுவாள். கொண்டாட்டம் என்றால் நெய்ச்சோறும் கறிக்குழம்பும்தான். சாப்பிட்டு முடித்ததும், வந்தது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடக்கும். அவள் நல்லது என்பாள், நான் கெட்டது என்பேன். குளிர்காலம் நெருங்கினால் கட்சி மாறிக்கொள்வோம். கனடாவின் இந்த நடுத்தர ஊருக்கு வந்து இத்தனை காலமாகியும் எங்கள் வீட்டில் தீர்ப்பு வந்தபாடில்லை.

இந்த வருஷம் சண்டைக்கு நேரமே கிடைக்கவில்லை. எங்கள் மகள் நஸ்ரின் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து நகரத்தில் தனியாக வீடெடுத்து இருக்கிறாள். பொறியியல் ஆலோசனைக் கம்பெனி ஒன்றில் வேலை. மாதம் ஒருமுறை வருவாள். சில மாதம் அதுவும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்து, "அத்தா, இது உங்க ஊர்தானே?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். திருப்பூர்தான். மேலிருந்து எடுத்த படம். நொய்யல் குறுக்கே போகிறது. அவள் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். பள்ளிவாசல் தெரிந்தது. அதிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு வீதி. வீதி முடியும் இடத்தில் ஓடை. ஓடையை ஒட்டி, நீலத் தகரம் போட்ட கடைசி வீடு.

"அடியே, இது மாமி வீடு," என்றேன்.

மாமி என்றால் என் அக்கா. நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அது. என் அத்தா மௌத்தான பிறகு அக்காவும் அவள் கணவர் காதர் மச்சானும் அங்கேயே இருக்கிறார்கள். கீழே பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின்கள், போட்டு ஜாப் ஒர்க் நடக்கிறது. கம்பெனியில் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியைத் தைத்து, செக்கிங் பார்த்து, கட்டித் திருப்பி அனுப்பும் வேலை. மேலே இரண்டு அறையில் குடும்பம்.

நஸ்ரின் சந்தோஷத்தில் கை தட்டினாள். விஷயம் இதுதான். திருப்பூருக்கு மழைநீர் வடிகால் திட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்ததாம். எனக்கே அது புதுச் செய்தி. ஊர் பெருத்துவிட்டது, திட்டம் பழசாகிவிட்டது என்று அதைப் புதுப்பிக்க ஆலோசகர்களை அமர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் வடக்கே ஒரு பெருநகரத்தில் இருக்கும் கம்பெனி. அதற்குத் தாய்க் கம்பெனி இங்கே நஸ்ரின் வேலை பார்ப்பது. எந்த மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் மழையைப் பெய்யவைத்துப் பார்க்கும் வேலை மட்டும் இங்கே வந்து, அதில் ஒரு துண்டு என் மகள் மேஜைக்கு வந்திருக்கிறது. பனியன் அங்கிருந்து இங்கே வருகிறது, சாக்கடைக் கணக்கு இங்கிருந்து அங்கே போகிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவளுக்குக் கேலி பிடிக்காது.

"இந்த ஸ்ட்ரீட்ல மட்டும் ஒரு ப்ராப்ளம் அத்தா," என்றாள். அவள் தமிழ், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் வண்டி மாதிரி நின்று நின்று வரும். "சின்ன மழைக்கே தண்ணி நிக்குதுன்னு ஆளுங்க சொல்றாங்க. போட்டோ இருக்கு. ஆனா என் மாடல்ல நிக்கல. தண்ணி எல்லாம் ஓடைக்கு போய்டுது. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரியும். அப்போது அது அவளுக்கும் எனக்கும் அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

2

நான் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷனில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவன் என்று சொன்னால் கூட வேலை பார்க்கும் டிரைவர்கள் பணிவாகத் தலையாட்டுவார்கள். இங்கே எல்லாரும் முன்பு ஏதோ ஒன்றாக இருந்தவர்கள்தான்.

இந்த ஊரிலும் மழைநீர்த் திட்டத்தை ஒருமுறை புதுப்பித்தார்கள். நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். காப்பி, பிஸ்கட், சுவரில் பெரிய வரைபடம். வந்தவர்கள் கையில் நீல ஒட்டுத்தாள் கொடுத்து, எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே ஒட்டுங்கள் என்றார்கள். வந்தவர்களும் வரிசையில் நின்று ஒட்டினார்கள். யாரும் யாரையும் பார்த்து, உன் வீட்டுத் தண்ணீர்தான் என் வீட்டுக்கு வருகிறது என்று கத்தவில்லை. எனக்கு அதுவே அதிசயம்.

நான் என் ரூட்டிலுள்ள ஒரு நிறுத்தத்தின் மேல் ஒட்டினேன். மழை நாளில் அங்கே பஸ்ஸை ஒதுக்கினால் நிற்பவர்கள் இடுப்பு வரை நனைவார்கள். அவர்கள் என்னைத் திட்டுவது கண்ணாடியில் தெரியும். அடுத்த கோடையில் அந்த இடத்தைத் தோண்டிப் புது வடிகால் வாய் வைத்துவிட்டார்கள். நன்றி சொல்லி ஈமெயில்கூட வந்தது. அதற்குப் பிறகு அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் சபீனாவுக்குக் காட்டுவேன். "ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினதுக்கு இந்தப் பெருமையா?" என்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கு முன்னாலிருக்கும் வடிகால் வாயைத் தத்தெடுக்கலாம். விழுந்த இலைகளை வாரிச் சுத்தமாக வைத்துக்கொள்வதாக உறுதி கொடுத்தால் அதற்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றைத் தத்தெடுத்து, செத்துப்போன தன் நாயின் பெயரை வைத்திருக்கிறார். இதை அக்காவிடம் ஃபோனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. "சாக்கடையத் தத்தெடுக்கறாங்களா? ஏன், அவங்களுக்குப் புள்ள குட்டி இல்லீங்களா?" என்று கேட்டாள். மச்சான் பின்னாலிருந்து, "அப்ப நான் ரொம்ப வருஷமா ஒண்ண வளத்தீட்டு இருக்கறேன்னு சொல்லு," என்றார்.

உள்ளதை உள்ளபடி சொன்னால் சரி செய்துவிடுவார்கள் என்ற எண்ணம் எனக்கு இங்கே வந்துதான் ஒட்டிக்கொண்டது. அது ஊரில் இருந்தவரை என்னிடம் கிடையாது.

3

மச்சான் வளர்த்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் வீதியின் வடிகால் கடைசி வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கல் பலகைக்கு அடியில் போய் ஓடையில் விழும். வெயில் நாளில் ஒழுங்காக விழும். மழை நாளில் ஓடை பெருகினால் அதே வழியாக ஓடைத் தண்ணீர் எதிர்த்து ஏறி வீதிக்குள் வந்துவிடும். வீதியில் பத்து வீட்டுக்குக் குறையாமல் கீழ்த்தளத்தில் தையல், செக்கிங், பேக்கிங் என்று ஏதாவது ஓடுகிறது. தரை முழுக்கத் துணிதான்.

அதனால் எங்கள் வீதிக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கோணிச் சாக்கில் கட்டிங் வேஸ்ட்டை, அதாவது பனியன் வெட்டியதில் மிஞ்சும் துண்டுத் துணிகளை, திணித்துத் திணித்துத் தைத்த பெரிய மூட்டை ஒன்று கடைசி வீட்டில் இருக்கும். இடி கேட்டதும் அதை நனைத்து, வடிகாலின் வாயில் இறக்கி, காலால் மிதித்து அடைத்துவிட வேண்டும். நனைந்த பனியன் துணி உப்பி, ஒரு சொட்டு உள்ளே விடாது. ஓடை இறங்கிய பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்து எடுப்பார்கள். அடைத்திருக்கும்வரை வீதியின் மழைத் தண்ணீர் வெளியே போக முடியாது. முழங்கால் வரை நிற்கும். நிற்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மழைத் தண்ணீர் பட்ட பீஸைக் காயவைத்து அயர்ன் போட்டுக் கொடுத்துவிடலாம். சாயமும் சாக்கடையும் கலந்த ஓடைத் தண்ணீர் பட்ட பீஸை எத்தனை முறை அலசினாலும் வாடை போகாது, கறை போகாது, கம்பெனிக்காரர் கையால் தொட மாட்டார்.

கடைசி வீடு எங்களுடையது என்பதால் மூட்டை மச்சான் பொறுப்பு. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். பிரியாணி பரிமாறிவிட்டார்கள். மச்சான் முதல் வாய் எடுத்திருப்பார், வானம் கறுத்தது. எழுந்துவிட்டார்.

"மச்சான், சாப்பிட்டுப் போலாமுங்க," என்றேன்.

"நீ உக்காரு மாப்ள. நான் அடச்சுப்போட்டு வந்தர்றேன்."

அடைத்துவிட்டு எங்கே வருவது, ஊருக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும். நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். எச்சில் கையோடு ஓட்டினார். வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோட்டைப் பார்க்கச் சொல்லி நான்தான் கத்த வேண்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணச் சட்டையோடு மூட்டை மேல் ஏறி மிதித்தார். நடு வீதியிலிருந்து ஒருவர் குடையோடு வந்தார்.

"ஏனுங்க காதர் பாய், ஓடை இன்னும் பாதி கூட ஏறுலீங்க. அதுக்குள்ள அடச்சுப்போட்டீங்கன்னா எங்கூட்டுக்கு முன்னால தண்ணி நிக்குமுங்க."

"ஏறுன பொறவு அடைக்க முடியாதுங்க. இழுத்துட்டுப் போயிருமுங்க."

"வருசா வருசம் இதையேதானுங்க சொல்றீங்க."

"வருசா வருசம் நீங்களும் இதையேதானுங்க கேக்கறீங்க."

இதற்கு மேல் சண்டை போகாது. அவர் போய்த் தன் வீட்டு வாசலில் மணல் மூட்டை போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஓடை பெருகவே இல்லை. சும்மா பெய்த மழைக்கு வீதி முழுக்கத் தண்ணீர் நின்றது. அக்கா பிரியாணிப் பொட்டலத்தோடு ஆட்டோவில் வந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, "விருந்துக்குப் போன எடத்துல மானத்த வாங்கிப்போட்டீங்க," என்று மச்சானைத் திட்டிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.

மச்சான் செய்ததுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நடு வீதிக்காரர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டின் பின்பக்கத்துப் பேக்கிங் அறையும் குளியலறையும் ஓடை நிலத்தில்தான் நிற்கின்றன என்று ஊருக்கே தெரியும். அந்த வரிசையில் யார் வீட்டைத்தான் அளந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்த வீதியில் ஆட்கள் வாழ்ந்து, தைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள் என்றால் அந்த மூட்டையால்தான்.

4

இதையெல்லாம் நஸ்ரினிடம் சொன்னேன். பிரியாணியை விட்டுவிட்டு ஓடிய கதையை நடித்தே காட்டினேன். சபீனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நஸ்ரின் வேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எல்லா மழைக்கும் க்ளோஸ் பண்றாங்களா?"

"இடி கேட்டா அடைச்சிடுவாங்க."

"ஓ," என்றாள். "அப்போ சரி. அதான் நிக்குது." அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வெயில் காலத்தில் அளந்தவர்கள் வடிகால் திறந்திருப்பதைப் பார்த்துத் திறந்திருப்பதாகவே எழுதிவிட்டார்கள். இப்போது அடைத்ததாகப் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் மழை பெய்தது. எங்கள் வீதி வெளிர் நீலத்திலிருந்து கரு நீலமானது. போட்டோக்களோடு அச்சாகப் பொருந்திவிட்டதாம். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அன்றே அக்காவுக்கு ஃபோன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "அக்கா, நம்ம வீதிக்குத் திட்டம் போடறது யாரு தெரியுமா? நஸ்ரினாக்கும்." அக்கா அழுதேவிட்டாள். மச்சான் பள்ளிவாசல் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை நஸ்ரின் வந்தபோது முகம் சரியில்லை. லேப்டாப்பைத் திறக்கவில்லை. அவளாகச் சொல்லும்வரை நானும் கேட்கவில்லை.

சின்ன மழைக்கும் பெரிய மழைக்கும் தண்ணீர் நிற்கும் தெருக்களைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் எங்கள் வீதி மேலே வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு வழி. ஒன்று, வடிகால் வாயில் ஒரு கதவு. தண்ணீரை வெளியே விடும், உள்ளே விடாது. நஸ்ரின் இதைத்தான் எழுதினாள். வரைந்தும் கொடுத்தாள். ஆனால் அந்தக் கதவைத் துணியும் குப்பையும் சிக்காமல் மழைக்கு மழை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அங்கே ஆள் கிடையாது என்று அந்த வழியை அடித்துவிட்டார்கள்.

"ஆள் இல்லையா? மச்சான்?" என்றேன்.

"மாமா ஸ்டாஃப் இல்லையே அத்தா."

இரண்டாவது வழி, ஓடையை அகலப்படுத்துவது. ஒரு பக்கம் பெரிய சாயப்பட்டறையின் கான்கிரீட் சுவர். இன்னொரு பக்கம் எங்கள் வரிசை. வரிசையை எடுத்துவிட்டால் ஓடைக்கும் இடம் கிடைக்கும், அடைக்கிற பிரச்சினையும் தீரும். இப்போதைக்கு இது யோசனைதான், இன்னும் முடிவாகவில்லை என்று மூன்று முறை சொன்னாள்.

"நான் சொன்னதை எடுத்துடலாமா?" என்று கேட்டேன். எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அது உண்மைதானே அத்தா?"

உண்மைதான். அவளைப் பொய் சொல்லாத பிள்ளையாக வளர்த்ததற்கு சபீனாவும் நானும் எத்தனை பேரிடம் பெருமைப்பட்டிருப்போம்.

அவள் ஆபீசில், அது தன் மாமி வீடு என்று அவளாகவே போய்ச் சொல்லிவிட்டாள். நல்ல விதமாகத்தான் கேட்டுக்கொண்டார்களாம். பாராட்டினார்களாம். மறுநாளே வேறு வேலைக்கு மாற்றி, இனி அந்தத் திட்டம் பற்றி அந்தப் பகுதியில் இருக்கும் யாரோடும் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் அவள் எழுதியது அங்கே போய்விட்டது. அதில் ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினாள். குடியிருப்போர் மழைக் காலத்தில் வடிகாலைத் துணிக் கழிவால் தாங்களே அடைக்கிறார்கள் என்பது அதன் பொருள். ஏன் அடைக்கிறார்கள் என்று அடுத்த வரியில் அவள் எழுதியிருந்தாளாம். சுருக்கும்போது அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் டிஷ்யூ பெட்டியைத் தூக்கி எறிந்தேன். அது சத்தம் கூடப் போடாமல் சோபாவில் போய் விழுந்தது.

5

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டது.

வீதி முனையில் ஒட்டியிருக்கிறார்கள், வீட்டுக்கு வீடும் கொடுத்திருக்கிறார்கள். வடிகாலில் துணிக் கழிவைப் போட்டு அடைப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். கடைசி வீட்டுச் சுவரில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடும் எண்ணும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓடை நிலத்தில் நிற்கும் பேக்கிங் அறைச் சுவரில் போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கோடு முன்வாசல் படிக்குப் பக்கத்தில் இருந்தது.

வீடியோ காலில் அக்கா கேமராவைத் திருப்பித் திருப்பி அந்தக் கோட்டைக் காட்டினாள். அவள் குரலில் பயம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"பக்கத்தூட்டுக்காரங்கெல்லாம் அழுவறாங்கடா தம்பி. நாந்தான் சொன்னேன், ஏன் அழுவறீங்க, இந்தப் பிளானப் போடறதே எங்க நஸ்ரினு, அவ மாமி ஊட்ட இடிக்க உடுவாளா அப்படீன்னு. இப்பக் கொஞ்சம் தெம்பா இருக்கறாங்க."

"அக்கா, அவ சின்ன வேலைதான் பார்த்தா. இப்ப அதுலயும் இல்ல."

"நீ எப்பவும் இப்படித்தான் தன்னடக்கமாப் பேசுவ."

மச்சான் ஃபோனை வாங்கினார். இதுவரை எத்தனையோ நோட்டீஸ் வந்திருக்கிறது. மச்சான் எதையும் படித்ததில்லை. பெரும்பாலும் டிபன் பொட்டலத்துக்கு அடியில் போய்விடும். இந்த நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"மாப்ள, மூட்டையப் பிரிச்சு வேஸ்ட்டுக் கடைக்குப் போட்டுட்டேன்," என்றார்.

"ஏன் மச்சான்?"

"நம்ம புள்ள எழுதுனதுக்கு நாமளே எதிரா நடந்தா நாளைக்கு அவளுக்குல்ல கெட்ட பேரு? அடைக்காம இருந்தாத் தண்ணி தானாப் போயிரும்னு கணக்குப் போட்டுத்தான எழுதியிருப்பா. படிச்ச புள்ள."

அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று மச்சானைவிட யாருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். மூட்டையைத் திரும்பக் கட்டுங்கள் என்று சொல்லலாம். கட்டினால், அடைக்கிறார்கள் என்பதற்கு அதுவே கண்ணெதிரே சாட்சி; முதலில் அந்த வீட்டைத்தான் எடுப்பார்கள். கட்டாவிட்டால் ஓடை உள்ளே வரும். அடைத்தால் வீடு போகும், அடைக்காவிட்டால் பிழைப்பு போகும். இதில் எதைச் சொல்வதற்கு நான் இங்கே இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

"பாத்துக்கோங்க மச்சான்," என்றேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குச் சொல்வதில் பாதி இந்த வார்த்தைதான்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அங்கே கருத்துச் சொல்ல ஓர் இணையப் பக்கம் இருப்பதாகக் கண்டுபிடித்தேன். மூட்டை ஏன் போடுகிறார்கள் என்று தமிழில் விரிவாக எழுதினேன். அனுப்பும்போது உள்ளூர்க் கைபேசி எண் கேட்டது. அக்காவின் எண்ணைப் போட்டேன். அவள் கைபேசிக்கு ஓர் ஓடிபி எண் போனது. இந்த மாதிரி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று பேங்கில் சொல்லியிருக்கிறார்கள், அதனால் அழித்துவிட்டேன் என்றாள். மறுபடி முயன்றபோது கருத்துச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது என்று வந்தது.

6

ஐப்பசியில் மழை பிடித்தது.

இங்கே அப்போது இலையுதிர் காலம். பக்கத்து வீட்டுக்காரர் தன் தத்துப் பிள்ளையின் மேல் விழுந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. நஸ்ரின் முந்தின நாளே வந்திருந்தாள். தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா அழைத்தாள். அங்கே சாயங்காலம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன்.

ஓடை உள்ளே வந்துவிட்டிருந்தது. முந்தின நாள் மத்தியானம். மேட்டில் பெய்த மழைக்கு ஓடை ஒரேயடியாக ஏறி, திறந்துகிடந்த வடிகால் வழியாகப் பொங்கியிருக்கிறது. தையல்காரர்கள் பீஸ் கட்டுகளைத் தூக்கி டேபிள் மேல் வைத்திருக்கிறார்கள். டேபிளுக்கும் மேலே ஏறிவிட்டது. மோட்டார்கள் எல்லாம் தண்ணீருக்குள். மச்சான் வடிகால் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அதன் வாயை அடைக்காமல், பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"அவரு காலு ரெண்டும் தன்னால அங்க போயிருச்சுடா," என்றாள் அக்கா. "மிதிக்கறதுக்கு மூட்டையில்ல. பழைய ஜமுக்காளத்த எடுத்துட்டு வரச் சொன்னாரு. பொறவு அவரே வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு."

நஸ்ரின் தோசையை வைத்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் திணறும். கேட்டால் எல்லாம் புரியும்.

"பீஸ் எல்லாம் போச்சுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"போச்சு. கம்பெனிக்காரரு வந்து பாத்துட்டு, வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரு. அத உடு. நான் அதுக்குக் கூப்படுல. இன்னிக்கும் மானம் கறுத்து மூடிட்டு இருக்குது. நடு வீதிக்காரரு வந்து, பாய், பழையபடி அடைங்க, நான் இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு கையப் புடிச்சுட்டு அழுவறாரு. என்ன பண்றதுன்னு கேக்கத்தான் கூப்பட்டேன்."

"அடைச்சிருங்கக்கா," என்றேன். இந்த முறை தயங்கவில்லை. "வேஸ்ட்டுக் கடையில போயி மூட்டைய வாங்கிட்டு வந்து இப்பவே அடைங்க."

"நீ சொல்றியா, புள்ள சொல்றாளா?"

"ரெண்டு பேருந்தான்."

"அப்பறம் எதுக்கு நோட்டீசுல அப்படிப் போட்டிருக்குது?"

நான் நஸ்ரினைப் பார்த்தேன்.

"நீ பஸ் ஓட்டறவன் கண்ணு. இதெல்லாம் உனக்கு வெளங்காது. பாசத்துல சொல்ற. ஃபோனப் புள்ளகிட்டக் குடு. அவ அடைங்கன்னா அடைக்கறோம், தெறந்து வைங்கன்னா வைக்கறோம். உங்க மச்சானும் அதையேதான் சொல்றாரு."

ஃபோனை எடுத்து நஸ்ரின் முன்னால் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அப்புறம் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"என்னால முடியாது அத்தா. நான் சைன் பண்ணியிருக்கேன்," என்று கிசுகிசுத்தாள். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "நான் என்ன சொன்னாலும் தப்பு."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சபீனா அவள் பின்னாலேயே போனாள். மேஜையில் நானும் ஃபோனும் மட்டும் இருந்தோம்.

"தம்பி? லைன்ல இருக்கறயா? புள்ள என்ன சொல்றா?"

"அவ... வேலையா இருக்கறாக்கா."

"ஞாயித்துக்கெழமையுமா? பாவம். நமக்காகத்தான் இப்படி ஒழைக்கறா," என்றாள் அக்கா. "சரி, தொந்தரவு பண்ணாத. அவ சொல்ற வரைக்கும் தெறந்தே வெச்சிருக்கறோம்."